மூச்சுப் பாடம்

அந்தக் கவர அப்படி மடியில வச்சு மடக்காதீங்க யக்கா. உள்ள இருக்கது ஸ்கேன் படம்லா. மடிப்பு விழுந்துட்டுன்னா அந்தக் கோட்டப் பாத்து டாக்டர் இன்னொரு நோயிம்பாரு. இங்க தாங்க, நான் நேரா நிமித்தி வச்சுக்கிடுதேன். சங்கரன்கோயில் போய்ச் சேர இன்னும் ஒண்ணேகால் மணி நேரம் ஆகும். இந்த பஸ் டிரைவர் ஒரு நாளும் வெரசா போனது கெடையாது.

யாருக்கு எடுத்தது? மாமியாருக்கா. நெஞ்சு ஸ்கேனு. நான் பாக்கலாமா? பயப்படாதீங்க, எனக்கு இதுதான் சோலி. திருநெல்வேலி ஜங்ஷன்ல ஸ்கேன் சென்டர்ல சீனியர் டெக்னீசியன். பதினேழு வருச சர்வீஸு. பேரு செண்பகவல்லி. கொஞ்சம் பின்னால சாஞ்சுக்கிடுங்க, ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சுப் பாப்போம்.

ம்.

எங்க எடுத்தது இது? சங்கரன்கோயில்லயா. எங்க பிராஞ்சுதான் அது. கவர்ல எங்க பேருதான் போட்டுருக்கு, நான் கவனிக்கல. எடுத்தது யாரு? நெடுநெடுன்னு, ஒல்லியா, வாட்ச்ச கைக்கு உள்பக்கமா திருப்பிக் கட்டிக்கிட்டு ஒரு பிள்ளையா? அப்படின்னா அவதான். பெனிலா.

டாக்டர் படத்தப் பாத்து என்ன சொன்னாரு? சுத்தமா எடுத்துருக்காங்கன்னாரா. சொல்லுவாரு, சொல்லுவாரு. எல்லாரும் அதத்தான் சொல்லுதாவ. மாமியாருக்கு என்ன வயசு? எழுபத்தெட்டா. எழுபத்தெட்டு வயசு மனுசி மூச்சு ஒரு இடத்துலகூட அலையலயே யக்கா. குத்தம் சொல்லணும்னுதான் பாத்தேன், உங்கட்ட மறைக்க என்ன இருக்கு. ஒண்ணும் ஆப்பிடல. அதுவும் அந்தப் பழைய மெசின்ல. அது எங்கட்ட பதினோரு வருசம் கெடந்த மெசினு. புதுசு வந்ததும் பிராஞ்சுக்குத் தள்ளிவிட்டது.

நெஞ்சு ஸ்கேன்னா என்னன்னு நினைச்சிய. மெசின் சுத்துத பத்துப் பன்னெண்டு செகண்டும் நெஞ்சு அசையப்படாது. அசைஞ்சா, ஓடுத பிள்ளைய போட்டோ எடுத்த மாதிரி கலங்கிரும். அப்ப மெசின் பெருசா, மூச்ச நிப்பாட்ட வைக்குதவ பெருசா? நீங்களே சொல்லுங்க. வாத்தியார் வந்தா ஒரு மாதிரி சொல்லணும். பீடி சுத்துத பொம்பளைக்கு ஒரு மாதிரி சொல்லணும். போலீஸ்காரனுக்கு அதட்டிச் சொன்னா இழுத்த மூச்ச விடவே மாட்டான், நம்ம பயந்து போயிரணும். "இழுங்க, இன்னும் கொஞ்சம் இழுங்க, அங்கனயே நிப்பாட்டுங்க, நான் சொல்லுதவரைக்கும் விடப்படாது." இப்படிச் சொல்லி ஜங்ஷன்ல எத்தன பேரு நெஞ்ச நிப்பாட்டிருக்கேன் தெரியுமா. பேரு தெரியாதவங்க வந்து ரிசப்ஷன்ல மூச்சுக்காரம்மா இருக்காவளான்னு கேப்பாவ. ஆமா. மூச்சுக்காரம்மா. அது நான்தான்.

அந்தப் பழைய மெசின்ல ஒரு சங்கடம் உண்டு. உள்ள படுத்துருக்கவங்களுக்கு நம்ம குரல் கேக்கணும்னா ஒரு பட்டன அமுக்கிக்கிட்டே பேசணும். ஒரு நாளைக்கு நாப்பது பேரு. எத்தன தடவ அமுக்க? நான் என்ன செஞ்சேன், பழைய எக்ஸ்ரே பிலிம் ஒண்ணத் துண்டா நறுக்கி, நாலா மடிச்சு, அந்தப் பட்டன் சந்துல சொருகிட்டேன். பட்டன் எப்பவும் அமுங்கியே கெடக்கும், மைக்கு எப்பவும் திறந்தே கெடக்கும். நான் பேசுனா உள்ள கேக்கும். பதினோரு வருசமா அப்படித்தான் ஓடுச்சு. ஒரு குத்தம் வரல.

இந்த நிலைமையிலதான் புது மெசின் வாங்கப் போறோம்னு எங்க மேனேஜர் தங்கப்பழம் சார் சொன்னாவ. டீ குடிக்கையில எல்லாரையும் கூப்புட்டுச் சொன்னாவ. மெசின் வர ரெண்டு மாசம் ஆகும், அதுக்கு முன்ன கம்பெனிக்காரன் ஒரு டிரெய்னிங் சாஃப்ட்வேர் அனுப்பிருக்கான், கம்ப்யூட்டர்லயே மெசின் இருக்க மாதிரி இருக்கும், அதுல பன்னெண்டு பாடம், பன்னெண்டும் முடிச்சு சர்டிபிகேட் வாங்குதவங்கதான் புது மெசின்ல உக்காரலாம், அதுல மார்க்கு கூட வாங்குனவங்க இன்சார்ஜுன்னு சொன்னாவ. போட்டியில இருந்தது ரெண்டே பேரு. நானு ஒண்ணு. அவ ஒண்ணு. அவ வந்து ரெண்டு வருசந்தான் ஆகியிருந்துச்சு. நாகர்கோயில்ல டிப்ளமோ படிச்சுட்டு வந்தவ. வேலைக்குச் சேந்த அன்னைக்கு அவளுக்கு நோயாளியத் திருப்பிப் படுக்கவைக்கக்கூடத் தெரியாது. நான்தான் சொல்லிக் குடுத்தேன்.

மானூர் வந்துட்டா? இல்லையா. சரி.

அந்த சாஃப்ட்வேர திறந்தீங்கன்னா ஒரு ரூமு தெரியும். நடுவுல மெசினு. மெசின்ல ஒரு பொம்மை மனுசன் படுத்துருப்பான். முடி கெடையாது, மூஞ்சி மொழுமொழுன்னு இருக்கும். அவனத் தலை முதல்ல போகணுமா கால் முதல்ல போகணுமான்னு நம்ம சொல்லணும், எங்க இருந்து எங்க வரைக்கும் எடுக்கணும்னு கட்டம் போடணும், எல்லாம் நம்ம செய்யுத வேலைதான். வேலை தெரியாம இல்ல யக்கா. எது எங்க இருக்குன்னு தெரியல. பாடமெல்லாம் எங்கன்னு தேடுனா, மூலையில மூணு கோடு போட்டுருக்கு, அதத் தொட்டாத்தான் பாடம் வெளிய வருமாம். மூணு கோட்டுக்கும் பாடத்துக்கும் என்ன சம்பந்தம்? ரெண்டு நாள் அந்த மூணு கோடு கண்ணுலயே படல. அப்புறம் மேல ஒரு வீடு படம் போட்டுருந்துச்சு. வேலை முடிஞ்சா வீட்டுக்குத்தான போகணும்னு நான் சாயங்காலம் அந்த வீட்டத் தொட்டுட்டுக் கெளம்பிருவேன். மறுநாள் வந்து பாத்தா நேத்து செஞ்சது ஒண்ணும் இருக்காது. சேர்த்து வைக்காம வாசலுக்கு வந்துருச்சாம். நாலு நாள் பாடம் இப்படிப் போச்சு.

அவ எப்படிப் படிச்சான்னு கேளுங்க. நாற்காலியில ஒரு கால மடக்கிப் போட்டுக்கிட்டு, தாடையில கை வச்சுக்கிட்டு, எதக் கண்டாலும் தொட்டுப் பாப்பா. தப்பாப் போச்சுன்னா சிரிப்பா. நான் ஒரு இடத்தத் தொடுததுக்கு முன்ன பிள்ளையார நினைச்சுக்கிடுவேன். தப்பாப் போச்சுன்னா எனக்கு அன்னைக்குச் சோறு எறங்காது. சிரிக்கவளுக்கு எம்பது, தொண்ணூறுன்னு விழுது. எனக்கு அறுவது, அறுவத்தஞ்சு.

பாடம் முடிஞ்சா பச்சையா ஒரு குறி விழும். யாருக்கு எத்தன பச்சைன்னு பேரோட ஒரு பக்கத்துல காட்டும். நான் காலையில வந்ததும் என் பேர பாக்க மாட்டேன் யக்கா. அவ பேரத்தான் பாப்பேன். மூணு பச்சை. அஞ்சு பச்சை. எனக்கு ரெண்டு. வயிறு எரியும் பாருங்க, சுடுதண்ணிய ஊத்துன மாதிரி. பொறாமைன்னு நினைச்சிராதீங்க. பொறாமைன்னா நம்மட்ட இல்லாதது அவட்ட இருக்கணும்லா. எங்கட்ட இல்லாதது அவட்ட என்ன இருக்கு?

ஒரு நாள் நான் அந்த வீடு படத்தத் தொடப் போறேன், பின்னால இருந்து, "அக்கா, அதத் தொட்டா சேவ் ஆகாதுக்கா"ங்கா. வாசல்ல ஆறேழு நோயாளிங்க உக்காந்துருக்காவ, மூச்சுக்காரம்மான்னு என்னத் தேடி வந்தவங்க. அவங்க முன்னால வச்சு எனக்குச் சொல்லிக் குடுக்கா. எனக்கு வந்துச்சே கோவம். நீ ஒண்ணாங் கிளாஸ் போய்க்கிட்டு இருக்கையில நான் இருட்டு ரூமுல பிலிம் கழுவிக்கிட்டு இருந்தேன், எனக்கு நீ பாடம் எடுக்கியா, இன்னமே என் ஸ்கிரீன எட்டிப் பாத்தேன்னா நடக்குததே வேறன்னு ஏசிட்டேன். சத்தமாத்தான் ஏசுனேன். அவ அடுத்த நோயாளியக் கூப்புடப் போயிட்டா. அதுக்கப்புறம் வாயே திறக்கல. நான் எதிர்ல தடுமாறிக்கிட்டு இருப்பேன், இவ பாத்தும் பாக்காத மாதிரி தலையக் குனிஞ்சுக்கிட்டுப் போவா. எம்புட்டு திமிரு பாருங்க.

ஆனா நானும் விடல. எங்க வீடு சிந்துபூந்துறையில, ஜங்ஷனுக்குப் பக்கம். காலையில ஒரு மணி நேரம் முந்தியே வந்துருவேன். தலை ஸ்கேன் பாடம், முதுகெலும்பு பாடம், மூட்டு பாடம்னு ஒவ்வொண்ணா முட்டி மோதி ஆறு பச்சை வாங்கிட்டேன். ஏழாவது பாடத்துலதான் வந்து மாட்டுனேன்.

ஏழாவது பாடம் என்ன பாடம் தெரியுமா? நெஞ்சு ஸ்கேனு. மூச்சுப் பாடம். சிரிக்காதீங்க.

பொம்மை மனுசனப் படுக்கவச்சேன். கழுத்துக்குக் கீழ இருந்து விலாவுக்குக் கீழ வரைக்கும் கட்டம் போட்டேன். எல்லாம் சரி. மூச்ச இழுங்க, நிப்பாட்டுங்கன்னு சொல்லி ஸ்டார்ட்ட அமுக்குனேன். படம் வருது, கலங்கலா. செவப்பு எழுத்துல நோயாளி மூச்சு விட்டுட்டான்னு காட்டுது. மறுபடியும் போட்டேன். கலங்கல். இன்னும் கொஞ்சம் நேரம் குடுத்துப் பாத்தேன், பையச் சொல்லிப் பாத்தேன், அதட்டிச் சொல்லிப் பாத்தேன். கலங்கல். ஏலே, எங்கட்ட மூச்சு நிப்பாட்டாத ஆளே கெடையாது, நீ ஒரு பொம்மை, உனக்கு என்னலே வந்துச்சுன்னு நினைச்சுக்கிட்டேன். பத்தொம்பது தடவ யக்கா. ஒரு வாரத்துல பத்தொம்பது தடவ அந்த மொட்டைப்பய என் முன்னால மூச்சு விட்டான். அங்கன அவ அதே பாடத்த ஒரே தடவையில முடிச்சு, தொண்ணூத்தேழு மார்க்கு வாங்கிட்டுப் போயிட்டா. மூச்சுப் பாடத்துல. எனக்கு எப்படி இருந்துருக்கும்?

அந்தச் செவ்வாக்கிழமை பத்தொம்பதாவது தடவ தோத்துட்டு, கம்ப்யூட்டர அப்படியே போட்டுட்டு, வீட்டுக்குச் சாப்பிடப் போயிட்டேன். சாப்பிட எங்க, தட்டு முன்னால உக்காந்து அழுதேன். மூஞ்சியக் கழுவிட்டு ரெண்டே கால் மணிக்குத் திரும்பி வந்து பாக்கேன், ஏழாவது பாடத்துல பச்சை விழுந்துருக்கு. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. கம்ப்யூட்டருக்கு யோசிக்க நேரம் எடுக்கும்போல, பைய யோசிச்சு, இந்தம்மா சரியாத்தான் செஞ்சுருக்குன்னு பச்சை போட்டுருச்சுன்னு நினைச்சுக்கிட்டேன். அன்னைக்கே பிள்ளையாருக்குத் தேங்கா ஒடச்சேன். மிச்சம் அஞ்சு பாடமும் பத்து நாள்ல முடிச்சுட்டேன். அதுல மூச்சு சம்பந்தமா ஒண்ணும் கெடையாது, எலும்பு, தாடை, இப்படித்தான். மொத்தம் எம்பத்தொண்ணு மார்க்கு. அவளுக்கு தொண்ணூத்தாறு.

தொண்ணூத்தாறு எப்படி வரும்? யோசிச்சுப் பாருங்க. நேத்து வந்தவளுக்கு எப்படி வரும்? ராத்திரி படுத்தா இதான் ஓடுது மண்டையில. அவளுக்கு ஒரு அண்ணன் பெங்களூர்ல கம்ப்யூட்டர் கம்பெனியில இருக்கான். அப்பத்தான் இன்னொண்ணு நினைப்பு வந்துச்சு. அவ பாடமெல்லாம் என்னைக்கோ முடிஞ்சு போச்சு. அதுக்கப்புறமும் ஒரு நாள் மத்தியானம் நான் சாப்பிட்டு வரையில அந்த கம்ப்யூட்டர் முன்னால இருந்து வெடுக்குன்னு எந்திரிச்சுப் போனா. என்ன சோலி அவளுக்கு அங்கன? சந்தேகம் வருமா வராதா? அண்ணன்காரன் பெங்களூர்ல இருந்தே இவளுக்குப் பதிலா பாடம் போட்டுருக்கான்னு நான் முடிவு கட்டிட்டேன்.

லெட்டர் எழுதுனேன். தங்கப்பழம் சாருக்கு, அதுல ஒரு நகல் மெசின் கம்பெனிக்கு. "மேற்படி பயிற்சியில் ஆள்மாறாட்டம் நடந்துள்ளதாக உறுதியாக நம்புகிறேன். தக்க விசாரணை செய்து தகுதியுள்ளவருக்குப் பொறுப்பு வழங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்." ஆள்மாறாட்டம். அந்த வார்த்தைய எழுதையில பேனா எப்படி ஓடுச்சுங்கிய. ஒரு அடித்தல் திருத்தல் இல்ல. அவ பேரு போடல, ஆனா அங்க இருக்கதே ரெண்டு பேரு. யாரச் சொல்லுதேன்னு சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

இந்தா மானூர் வந்துட்டு. எறங்குதவங்க எறங்கட்டும். அந்தப் பைய கால்கிட்ட இழுத்துக்கிடுங்க.

கம்பெனியில இருந்து நவநீதன்னு ஒரு டிரெய்னர் வந்தாரு. சின்ன வயசு, மரியாதையான ஆளு. ஹால்ல எங்க எல்லாரையும் உக்காரவச்சு, பெரிய ஸ்கிரீன்ல போட்டுக் காட்டுனாரு. அந்த சாஃப்ட்வேரு எல்லாத்தையும் எழுதி வச்சுருக்கும் யக்கா. யாரு பேருல எத்தன மணிக்கு எந்தக் கம்ப்யூட்டர்ல எந்தப் பட்டனத் தொட்டோம்னு ஒண்ணு விடாம. இது எனக்கு யாரும் சொல்லல. முதல்ல அவ பேரத் திறந்தாரு. பன்னெண்டு பாடமும் எங்க சென்டர் கம்ப்யூட்டர்லயே, அவ டூட்டி நேரத்துலயே போட்டுருக்கா. தப்பு எத்தன, திருத்துனது எத்தன, எல்லாம் வரிசையா இருக்கு. முதல் பாடத்துல முப்பது தப்பு செஞ்சுருக்கா. முப்பது. அதப் பாத்தப்ப எனக்கு ஒரு நிமிசம் குளுந்துச்சு.

அடுத்து என் பேரத் திறந்தாரு.

ஏழாவது பாடம். பத்தொம்பது தடவ செவப்பு. இருபதாவது தடவ நாலே நிமிசத்துல பச்சை. செவ்வாக்கிழமை மத்தியானம் ரெண்டு பத்துக்கு. நவநீதன் தங்கப்பழம் சார பாக்காரு. தங்கப்பழம் சார் கைரேகை மெசின் பேப்பர எடுத்துப் பாக்காவ. ஒண்ணேகாலுக்கு நான் விரல் வச்சுட்டு வெளிய போனது இருக்கு, ரெண்டே காலுக்குத் திரும்பி வந்தது இருக்கு. அப்ப ரெண்டு பத்துக்கு என் பேருல யாரு உக்காந்துருந்தா? எல்லாரும் என்னயத்தான் பாக்காவ. ஆள்மாறாட்டம்னு எழுதுன லெட்டரு மேசை மேல கெடக்கு. எனக்கு நெசமாவே ஒண்ணும் புரியல யக்கா, சாமி சத்தியமா.

அப்ப அவ எந்திரிச்சா. "நான்தான் சார் போட்டேன்"ன்னா.

தங்கப்பழம் சார் ஏம்மான்னு கேட்டாவ. அவ என்னப் பாக்கல. தரையப் பாத்துக்கிட்டே சொன்னா.

"அக்கா வாயால சொல்லிக்கிட்டே இருந்தாவ சார். பட்டன அமுக்கல. பொம்மைக்குக் காது கேக்காதுல்லா. இருபது தடவ தப்புனா பாடம் பூட்டிரும், பெயில்னு கம்பெனிக்குப் போயிரும்னு கீழ போட்டுருந்துச்சு. அக்காட்ட சொல்ல பயமா இருந்துச்சு, ஸ்கிரீனப் பாக்காதன்னு சொல்லிருந்தாவ. மூச்சுக்காரம்மா மூச்சுப் பாடத்துல பெயில்னு வந்துரக் கூடாதேன்னுதான் போட்டேன்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நான் உன்ட்ட கேட்டேனா?"ன்னேன். "இல்லக்கா"ன்னா. அவ்வளவுதான்.

நான் கேட்கத்தான் இல்ல. நீங்க சொல்லுங்க, கேட்காத இடத்துல செஞ்சா அது உதவியா, ஊமைக்குத்தா? நாலு பேரு முன்னால என்னக் கூறுகெட்டவ ஆக்கிட்டால்லா. மைக்கு திறந்தே கெடக்கும்னு பதினோரு வருசப் பழக்கம் எனக்கு, அத அந்தப் பொம்மைக்கு யாரு சொல்லுவா? வாய் மாதிரி ஒரு சின்னப் படம் ஓரத்துல இருந்துச்சாம். நவநீதன் அப்புறமா என்னய உக்காரவச்சு, விரலால காட்டுனாரு, இதத் தொடுங்கம்மான்னு. தொட்டேன். அந்தப் பொம்மை நெஞ்சு மேல ஏறுச்சு. ஏறி, அப்படியே நின்னுச்சு. சொன்ன பேச்சுக் கேட்டு நின்னுச்சு யக்கா. எனக்கு அழுகை வந்துட்டு. ஏன்னு தெரியல. நாலு நிமிசத்துல பாடம் முடிஞ்சுது, தொண்ணூறு மார்க்கு.

என் சர்டிபிகேட் அப்படியே செல்லும்னுட்டாவ. அவளுத கேன்சல் பண்ணிட்டாவ, அடுத்தவ பேருல பாடம் போட்டது குத்தம்னு. அதோட விட்டுருக்கலாம். தங்கப்பழம் சார் என்னத் தனியா கூப்புட்டு, நீங்க அந்த லெட்டர வாபஸ் வாங்கிக்கிடுங்க, கம்பெனிட்ட நான் பேசிக்கிடுதேன், ரெண்டு பேரும் இங்கனயே இருங்க, அந்தப் பிள்ள மூணு மாசத்துல மறுபடியும் பரீட்சை எழுதட்டும்னாவ. வாபஸ் வாங்கலன்னா அவள சங்கரன்கோயிலுக்குத்தான் மாத்தணும், பழைய மெசினோடன்னாவ. நான் அரை மணி நேரம் நின்னேன் அவங்க ரூமுல. எழுதுனது எழுதுனதா இருக்கட்டும் சார்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

அப்படிப் பாக்காதீங்க. ரெண்டு பேரு ஒரு மெசின்ல எப்படி இருக்க முடியும்? அவ பக்கத்துல இருந்தா, நான் ஒவ்வொரு பட்டனத் தொடுதப்பவும் அவ கண்ணு என் விரல்லதான இருக்கும். அது அவ பாக்காட்டாலும் எனக்குப் பாக்க மாதிரித்தான இருக்கும். நான் எப்படி வேலை செய்ய?

போற அன்னைக்கு எங்கட்ட வந்து போயிட்டு வாரேன்க்கான்னு சொன்னா. நான் ஒரு ரிப்போர்ட்டப் படிக்க மாதிரி இருந்துட்டேன். பழைய மெசின்ல அந்தப் பட்டன் சந்துல சொருகுன பிலிம் துண்ட எடுக்கலாமாக்கான்னு கேட்டா. அது உன் இஷ்டம்னேன். எடுத்தாளா வச்சுருக்காளா தெரியாது.

இப்ப புது மெசின்ல நான்தான் இன்சார்ஜு. அதுலயும் அந்த வாய் படம் இருக்கு. தொட்டா அதுவே சொல்லுது, செய்தி வாசிக்கவ மாதிரி, "மூச்சை உள்ளிழுத்து நிறுத்தவும்"ன்னு. எங்க ஊருக்காரங்க முழிக்காங்க. படம் நல்லாத்தான் வருது. மெசின் அப்படி. எங்க ரேடியாலஜி டாக்டரம்மா நான் எடுத்த படத்தப் பாத்து ஒண்ணும் சொல்லுததில்ல. ஒண்ணும் சொல்லலன்னா நல்லா இருக்குன்னுதான அர்த்தம். ஆனா பிராஞ்சுல இருந்து படம் வரும்லா, அதத் திறந்துட்டு, செண்பகம், பழைய மெசின்ல இப்படி எடுத்துருக்காளே, வந்து பாருங்கன்னு என்னயக் கூப்புட்டுக் காட்டுதாவ. என்னய. நானும் போயி நின்னு, ஆமா டாக்டர்னு சொல்லிட்டு வாரேன். எத்தன தடவ? வாரத்துக்கு ரெண்டு தடவ. புது மெசினு எங்கட்ட இருக்கு, இன்சார்ஜுன்னு போர்டு எங்கட்ட இருக்கு, பேரு மட்டும் பஸ் ஏறி அவட்ட போயிட்டு. போன மாசம் சேர்ந்தமரத்துல இருந்து வந்த ஒரு பெரியவர், எங்க பக்கம் சங்கரன்கோயில்ல ஒரு பிள்ள இருக்கு, மூச்ச எப்படி அழகா பிடிக்கச் சொல்லுதுங்கிய, நீங்க மெசின விட்டுப் பேச வைக்கியளேன்னு எங்கட்டயே சொல்லுதாரு. அந்தச் சொல்லு எங்கட்ட இருந்து போனதுன்னு அவருக்குத் தெரியுமா?

தேவர்குளம் தாண்டிட்டோமா. பேச்சுல நேரம் போனதே தெரியல.

நானா? நான் எதுக்குச் சங்கரன்கோயில் போறேன்னா. ஒண்ணுமில்ல, ஒரு ஸ்கேனு. எனக்குத்தான். நாப்பது நாளா இருமல் நிக்கல. இவ்வளவு நேரம் பேசியும் இருமலயேன்னு பாக்கிய, மிட்டாய வாயில அடக்கி வச்சுருக்கேன். எக்ஸ்ரேயில வலது பக்கம் ஒரு நெழல் தெரியுது. நானே பாத்தேன், நம்ம கண்ணுக்குத் தப்புமா? டாக்டர் நெஞ்சு ஸ்கேன் எடுத்துருங்க, தள்ளிப் போடாதீங்கன்னாரு.

எங்க சென்டர்ல எடுக்கலாம்தான். நானே படுத்து நானே எடுக்க முடியுமா? எனக்குக் கீழ புதுசா ஒரு பையன் வந்துருக்கான், செல்வின், அவன் கையில ஒரு ஆட்டுக்குட்டியக்கூடக் குடுக்க மாட்டேன். பாளையங்கோட்டையில தெருவுக்கு ஒரு ஸ்கேன் சென்டர் இருக்கேங்கிய. இருக்கு. யாரு இல்லன்னா? புது மெசின் வச்சுருக்காங்க, எல்லாரும் தெரிஞ்சவங்க, கூப்புட்டா உடனே எடுத்துக் குடுப்பாங்க.

அவட்டதான் போறேன்னு நினைச்சிராதீங்க. அந்தப் பழைய மெசின் எனக்குப் பழகுனது, அதான். அவ எப்படித்தான் எடுக்கான்னு ஒரு தடவ நேரா பாத்துரணும், அதுவும் உண்டு. படுத்துக்கிட்டு எப்படிப் பாப்பேங்கிய. கேப்பேம்லா. காது இருக்குல்லா எனக்கு.

போன வாரமே வந்துருக்க வேண்டியது யக்கா. டோக்கன் போட போன் பண்ணுனேன். பெனிலா ஊருக்குப் போயிருக்கு, லீவு, வேற ஆளு எடுப்பாங்க, நீங்க வாங்கன்னு சொன்னாவ. வேண்டாம், அந்தப் பிள்ள வரட்டும்னு சொல்லிட்டு, ஒம்பது நாளா இருமிக்கிட்டே காத்துக் கெடந்தேன்.